கரண்டியும் காதலும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கதாநாயகனுக்குக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் கை நிறையச் சம்பளம். கண்ணாடி மாளிகை, குளிரூட்டிய அறை, சுழலும் நாற்காலி. ஆயினும் அவன் உள்ளத்தில் ஏதோ ஒரு வெறுமை. ஒருநாள் மேலாளரிடம் விலகல் கடிதத்தை நீட்டிவிட்டு, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய ஓட்டு வீட்டை வாங்கி உணவகம் திறக்கிறான். மழை பெய்யும் மாலை ஒன்றில் கதாநாயகி உள்ளே நுழைகிறாள். அவன் வைத்த ரசத்தை ஒரு வாய் அருந்தியதும் மறைந்துபோன பாட்டியின் நினைவு வந்து அவள் கண் கலங்குகிறது. பிறகென்ன, கெட்டிமேளம்தான்!

இந்தக் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள், நண்பர்களே. ஊர் மாறும், பெயர் மாறும், ரசம் சில நேரம் மீன்குழம்பாகும். பேருந்துப் பயணத்தில் படிக்கும் மாத நாவல்களிலும், தோழியரிடையே கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகங்களிலும், திரைப்படங்களிலும் இது வந்தவண்ணம் இருக்கிறது. 2012-இல் வெளிவந்த ‘உஸ்தாத் ஹோட்டல்’ என்னும் மலையாளப் படத்தைப் பலர் பார்த்திருக்கக்கூடும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞன், தந்தையின் விருப்பத்தை மீறிக் கோழிக்கோட்டுக் கடற்கரையில் தாத்தா நடத்தும் உணவுக்கடையில் கரண்டி பிடிக்கிறான். 2023-இல் தமிழில் வந்த ‘அன்னபூரணி’யில், திருவரங்கத்துக் கோயிலில் பிரசாதம் சமைப்பவரின் மகள் பெரிய சமையற்கலைஞராக ஆசைப்படுகிறாள். ஹாலிவுட்டில் 2014-இல் ‘செஃப்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதுவே இந்தியில் வந்தது. மொழி எதுவானாலும் மனம் விரும்பிய சமையலுக்காக எதையேனும் துறப்பவருக்கு இறுதியில் அன்பும் கிடைக்கிறது, கடையும் நிரம்புகிறது.

இவற்றை விரும்பிப் படிப்பவள்தான் நானும். பகல் முழுதும் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியபின் இரவில் ஒரு ரசக்கதை படிப்பதில் தவறில்லை என்பது என் துணிபு. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக! ஆயினும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. கதாநாயகன் ரசம் வைத்த அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தது யார்?

விளையாட்டாகக் கேட்கவில்லை. நம் பழங்கதைகளையே எடுத்துக்கொள்வோம். தொழில் மாறிச் சமையலுக்கு வந்தவர்களில் மூத்தவன் நளன் அன்றோ? நிடத நாட்டு மன்னன் சூதிலே நாடிழந்து, காட்டிலே மனைவியைப் பிரிந்து, கார்க்கோடகன் தீண்டி உருமாறி, வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி மன்னனிடம் வேலைக்குச் சேர்கிறான். கணவனைத் தேடும் தமயந்தி, வாகுகன் சமைத்த உணவைத் தோழி மூலம் வரவழைத்துச் சுவைத்துப் பார்த்துத்தான், இவன் நளனே என்று தெளிகிறாள். கைப்பக்குவத்தால் காதலனை அடையாளம் காணும் காட்சி நம் மாத நாவல்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது! ஆனால் பாரதக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. சுயம்வரத்தின்போது தேவர்கள் நளனுக்கு வரங்கள் தருகிறார்கள். நினைத்த இடத்தில் நெருப்பு எழும் என்பது அக்கினியின் வரம். நினைத்த இடத்தில் நீர் நிறையும் என்பது வருணனின் வரம். சமையற்சுவையைத் தந்தவன் யமன். ஆக, நளன் தண்ணீர்க் குடம் சுமக்கவில்லை, ஈர விறகை ஊதிக் கண் சிவக்கவில்லை. அரசன் ஒருவனை அடுப்படிக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் தண்ணீர் வேலையையும் நெருப்பு வேலையையும் நீக்கிவிட வேண்டும் என்று அந்தக் காலத்துக் கதைசொல்லிக்கே தெரிந்திருக்கிறது.

மணிமேகலையும் அப்படித்தான். கணிகையர் குலத்தொழிலை வேண்டாமென்று உதறி, இளவரசன் உதயகுமரனின் காதலையும் மறுத்துப் பசித்தோருக்குச் சோறிடப் புறப்பட்டவள் அவள். தொழிலை மாற்றிக்கொண்ட பெண்களில் அவளைவிடத் துணிந்தவள் நம் இலக்கியத்தில் இல்லை என்பேன். ஆனால் அவள் கையில் இருந்தது அமுதசுரபி. அது எடுக்க எடுக்கக் குறையாது, அடிப்பிடிக்கவும் பிடிக்காது.

இன்றைய கதாநாயகனுக்குத் தேவர் வரம் தரவில்லை; சேமிப்புக் கணக்கு தந்திருக்கிறது. வேலையை உதறுகிற அந்த அத்தியாயத்தில் அவனுக்குக் கடன் உண்டா, தங்கை திருமணம் பாக்கியா, தந்தையின் மருந்துச் செலவு எவ்வளவு என்று ஒரு வரியும் இராது. கடை திறந்த மறுநாளே கூட்டம் வந்துவிடும். பத்தொன்பது கிலோ சிலிண்டர் நடுச்சமையலில் தீர்ந்துபோகாது. வாங்கிய கீரை விற்காமல் வாடாது.

நான் பெரியபாளையத்துக்காரி. எங்கள் ஊர் பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தவர்களுக்கு, சமையல் என்பது எத்தனை பெரிய உழைப்பு என்று சொல்லத் தேவையில்லை. வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் நிறைவேற்ற வருவோர், பொங்கல் வைப்போர், குடும்பம் குடும்பமாகத் தங்கிச் சமைத்து உண்போர் என்று ஊரே புகைமண்டலமாகும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிக் கடைகள் இருக்கின்றன. இட்லிக் கடை, பிரியாணிக் கடை, கரும்புச்சாறு, மிளகாய் பஜ்ஜி என்று அந்த வாரங்களில் சம்பாதித்ததை வைத்தே ஆண்டின் மீதியை ஓட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆலை என்றாலே அங்கு ஒரு பெரிய அடுப்பும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கச் செய்யலாம் என்று விதித்தது. நாளடைவில் அந்த உணவகங்கள் பலவும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. என் தாயார் அப்படி ஒரு சமையற்கூடத்தில் கை ஆள். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் வரும். இருவர் சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயம் அரிய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சோறு மட்டும் போதாது என்றதால் அம்மா ஐம்பது வயதை நெருங்கும்போது சப்பாத்தி தேய்க்கக் கற்றுக்கொண்டார். தேக்சாவை இருவர் பிடித்து இறக்கும்போது ஒருவர் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அம்மாவின் முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதால், தழும்பு ஆறிய நாட்களுக்கும் கூலி இல்லை.

என் தாயாருக்குச் சமையலில் ஆர்வம் இல்லையா? உண்டு. அவர் வைக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்பை உண்டவர்கள் இரண்டாம் முறை சோறு கேட்காமல் எழுந்ததில்லை. மசாலா வறுபடும் வாசனையை வைத்தே, ‘இன்னும் ரெண்டு நிமிஷம் போவட்டும்’ என்பார். வெங்காயமும் இறைச்சியும் சிவந்து மணப்பதன் காரணத்தை 1912-இல் மெயிலார்டு என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார் என்று நான் வகுப்பில் படித்துவந்து சொன்னபோது, அம்மா சிரித்துவிட்டு, ‘அவரு வூட்ல யாரு சமைச்சாங்களாம்?’ என்று கேட்டார். விடை எனக்குத் தெரியவில்லை. அறிவும் ஆர்வமும் இத்தனை இருந்தும், அவரைக் கதாநாயகியாக வைத்து எவரும் ஒரு கதை எழுத மாட்டார்கள். ஏனெனில் அவர் எதையும் துறந்து சமையலுக்கு வரவில்லை. ஏற்கெனவே அங்கு நின்றுகொண்டிருந்தவர் அவர்.

என் மனக்குறை இதுதான். இந்தக் கதைகளில் சமையலறைக்குப் பெருமை வருவது, மேலிருந்து ஒருவன் இறங்கி வரும்போது மட்டுமே. பொறியாளன் தோசை வார்த்தால் அது கலை. அவன் பக்கத்தில் மாவாட்டுகிறவருக்குப் பெயர்கூட இருப்பதில்லை. பெண் சமைத்தால் அது கடமை. பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கப்படும் முதற்கேள்வி. தி. ஜானகிராமனின் ‘நளபாகம்’ நாவலில் வரும் காமேச்வரன் போல, சமையலையே தொழிலாகக் கொண்டவனை நாயகனாக்கிய எழுத்தாளர்கள் மிகச் சிலரே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கரண்டி என்பது எவர் கையிலும் சுதந்திரமாக இருந்த பொருளன்று. உணவுக்கடைப் பலகையில் சாதிப் பெயர் இருக்கலாகாது என்று 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அது பழைய கதை என்று எண்ண வேண்டா. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பட்டியலினப் பெண்மணியைச் சமைக்கக்கூடாது என்று சிலர் தடுத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. அந்த அம்மையார் கேட்டதெல்லாம் சமைக்கும் உரிமை ஒன்றுதான். மனம் விரும்பிய சமையலுக்காகப் போராடிய பெண் என்று நாவல் எழுத நினைப்போர் அவரை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு ஏன் போகிறார்கள்?

அப்படியானால் வேலையை விட்டு உணவுத் தொழிலுக்கு வருவதே பொய்க்கனவா என்று கேட்பீர்கள். இல்லை. மெய்யாகவே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வரலாறு வேறு மாதிரியானது.

சென்னை மடிப்பாக்கத்துக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் சரத்பாபு ஏழுமலை. அவருடைய தாயார் சத்துணவுத் திட்டத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை பார்த்தார். காலையில் இட்லி சுட்டார். அந்த இட்லியை விற்றுவர மகனும் போனார். பிலானியில் வேதிப்பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. படித்து முடித்ததும் அவர் ‘உள்ளத்தின் அழைப்பை’க் கேட்டு உடனே அடுப்பு மூட்டிவிடவில்லை. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, குடும்பக் கடனை அடைத்தார். அதன்பிறகே அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் சேர்ந்தார். 2006-இல் அங்கிருந்து வெளிவந்தபோது பெரிய சம்பளங்களை வேண்டாமென்று சொல்லி ‘ஃபுட்கிங்’ என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். மாத நாவலாசிரியர் இந்த வரலாற்றை எழுதினால், சம்பளத்தை வேண்டாமென்று சொல்லும் காட்சியில்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குவார். கடனை அடைத்த மாதங்களை விட்டுவிடுவார். எனக்கோ அந்த மாதங்களே பெரிதாகத் தெரிகின்றன. முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம்!

பட்ரிசியா நாராயணின் வாழ்க்கையில் காதல் முதலிலேயே வந்துவிட்டது. வீட்டாரை எதிர்த்துக் காதல் மணம் செய்துகொண்டார். கணவர் போதைக்கு அடிமையானார். இரண்டு குழந்தைகளோடு தாய்வீடு திரும்பி, ஊறுகாயும் ஜாமும் செய்து விற்று, 1982-இல் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காப்பி, 50 காசு. பின்னாளில் உணவகங்கள் நடத்தி, 2010-இல் இந்திய வணிகத் தொழிற்கூட்டமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருதும் பெற்றார். அவரைச் சமையலுக்குக் கொண்டுவந்தது ஆர்வமா, பசியா? இரண்டும் என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் அவை இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வசதி இருந்ததில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துத் தாத்தாவையும் பேரன்மார்களையும் இங்கே மறக்கலாகாது. 2018-இல் வயல்வெளியில் சமைத்துக் காணொளி எடுக்கத் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி பார்வையாளர்களைச் சந்தாதாரர்களாகப் பெற்றார்கள். அந்தக் காணொளிகளில் எனக்குப் பிடித்தது, அண்டாவைத் தூக்குகிறவரையும் அம்மி அரைக்கிறவரையும் ஒளிக்காமல் காட்டுவது.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் சித்தப்பா மகன் (நான் அண்ணன் என்றே அழைப்பவர்) பட்டயப் படிப்பு முடித்து ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். மூன்றாண்டு கழிந்தும் நிரந்தரம் ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் பிரியாணிக் கடை போட்டார். பிரியாணிச் சமையலைப் பள்ளி விடுமுறைகளில் ஒரு மாஸ்டரிடம் கை ஆளாக இருந்து கற்றிருந்தார். ஆடியில் தேக்சா தேக்சாவாக விற்றது. அண்ணன் புதுச்சட்டை எடுத்தார். பிறகு புரட்டாசி வந்தது. எந்தக் காதல் கதையிலாவது புரட்டாசி மாதம் வந்து பார்த்திருக்கிறீர்களா? ஊரே கவுச்சியை விட்டுவிட, கடை ஈயாடியது. எலுமிச்சம்பழச் சாதமும் தக்காளிச் சாதமும் போட்டு அந்த மாதத்தை ஓட்டினார். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் மீண்டும் ஒரு சரிவு. இப்போது ஆண்டுக்கணக்கில் பார்த்தால் ஆலையில் வாங்கியதைவிடச் சற்று அதிகமாகவே மிஞ்சுகிறது. கடன் பாதி அடைந்திருக்கிறது.

ஆனால் அவருக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில் நடந்ததைக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தபோது ‘கம்பெனியில வேல’ என்றால் தலையசைத்தவர்கள், ‘பிரியாணிக் கடையா?’ என்று இழுத்தார்கள். ‘உஸ்தாத் ஹோட்டல்’ படத்தில் மாப்பிள்ளை சமையற்காரன் என்று தெரிந்ததும் சம்பந்தம் முறிகிறதே, அந்த ஒரு காட்சி முழு உண்மை. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இன்றுவரை, ‘படிச்சிட்டுக் கரண்டி புடிக்கிறான்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். என் தாயாரும் சொல்வார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அடுப்பின் முன் நிற்பதிலிருந்து பிள்ளைகளை மீட்கத்தான் அவர் அடுப்பின் முன் நின்றார். ‘நீயாச்சும் நெழல்ல ஒக்காந்து வேல பாரு கண்ணு’ என்பது எனக்கு அவர் சொல்லும் ஒரே அறிவுரை.

ஆனாலும் நான் அண்ணன் பக்கமே. படித்தவன் கரண்டி பிடிப்பது இழிவு என்று நாம் எண்ணும்வரை, படிக்காமல் கரண்டி பிடித்த அம்மாவின் வேலையும் நம் கண்ணில் இழிவாகவே இருக்கும். இந்த ஓர் இடத்தில் அந்தக் காதல் கதைகள் நல்லதே செய்கின்றன என்று ஒப்புக்கொள்கிறேன். சமையல் தொழில் மதிக்கத் தக்கது என்று சொல்லத் துணிகின்றன. யாருடைய சமையல் என்பதில்தான் தயங்கிவிடுகின்றன.

என்னைக் கேட்டால், எனக்குச் சமையலில் பெரிய நாட்டமில்லை. குழாய்முகவையிலிருந்து துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு துளியில் நிறுத்துவதில் எனக்குள்ள மகிழ்ச்சி, ரசம் நுரைகட்டும் பதத்தில் இறக்குவதில் இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கல்லூரிக்குள் வந்த பெண்கள் இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். நம் பாட்டிமாரும் அம்மாமாரும் நின்ற இடத்தைவிட்டு நாம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது தொழில் மாற்றம் இல்லையா? மனம் விரும்பியதைத் தேடிப் போனது இல்லையா? அலுவலகத்திலிருந்து அடுப்படிக்குப் போகிறவனுக்கு நூறு காதல் கதைகள் இருக்கின்றன. அடுப்படியிலிருந்து வெளியே வருகிற பெண்ணை விரும்பி மணந்து, தானே குக்கர் வைக்கிற நாயகனை எந்த மாத நாவலிலும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நம் கல்லூரியில் கதை எழுதும் நண்பர்கள் பலர் உண்டு. அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு சமையற்காதல் கதை எழுதுங்கள்; நானே முதலில் படிப்பேன். நாயகன் வேலையை விடட்டும், தடையில்லை. விடுவதற்கு முன் கடன் எவ்வளவு என்று ஒரு பத்தி எழுதுங்கள். கதைக்குள் புரட்டாசி வரட்டும். மழைநாள் மாலையில் கதாநாயகி நுழைந்து ரசம் குடிக்கும்போது, பின்கட்டில் குத்துக்காலிட்டு அமர்ந்து தேக்சா தேய்க்கும் அம்மாவுக்கு ஒரு பெயர் வையுங்கள். அவரும் ஒரு வாய் ரசம் குடித்துப் பார்த்து, உப்பு போதுமா என்று சொல்லட்டும்.